சிக்கலைத் தேடிச் சென்ற காவல்துறை

1829ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் லண்டன் மாநகரக் காவல்படை முதன்முறையாகத் தெருவில் இறங்கியபோது, அதன் இரு ஆணையர்களான சார்லஸ் ரோவனும் ரிச்சர்டு மேயனும் வழங்கியிருந்த பொது அறிவுரைகள், குற்றம் நிகழாமல் தடுப்பதே படையின் தலையாய நோக்கம் என்று வரையறுத்திருந்தன. உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டத்தால் உருவான அந்தப் படையில் ஒவ்வொரு காவலருக்கும் ‘பீட்’ எனப்படும் தெருச்சுற்று ஒன்று ஒதுக்கப்பட்டது. அந்தச் சுற்றுக்குள் குடியிருப்போரை முகம் பார்த்தே அடையாளம் காணும் அளவுக்கு அறிந்து வைத்திருப்பது அவருடைய கடமைகளுள் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது. காவல்துறையின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் தொடக்கத்தைப் பெருமையுடன் நினைவுகூர்வது வழக்கம். ஆனால் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த முதல் நோக்கம் எப்படிப் பின்னுக்குப் போயிற்று, 1970களின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலர் அதை எந்த வழியில் மீட்க முயன்றனர் என்ற பகுதிதான் கூர்ந்து படிக்கத் தக்கது. இன்றைய காவல் நிலையங்களின் நடைமுறைக்கு அதுவே மிக நெருக்கமானதும் ஆகும்.

பின்னுக்குப் போனதற்குக் காரணம் அலட்சியமன்று, முன்னேற்றம் என்று எல்லோரும் நம்பிய ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க நகரங்களின் காவல்துறைகள் அரசியல் தலையீட்டாலும் கையூட்டாலும் சீரழிந்திருந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மரும், அவருடைய மாணவரான ஆர்லாண்டோ வில்சனும் முன்னெடுத்த சீர்திருத்தம், காவலரைக் கட்டுப்பாடும் பயிற்சியும் உள்ள தொழில்முறைப் பணியாளராக மாற்ற விரும்பியது. மோட்டார் வாகனமும் இருவழி வானொலியும் தொலைபேசியும் அதற்குக் கருவிகளாயின. நடந்து சென்ற காவலர் காருக்குள் ஏறினார். எந்தத் தெருவில் எப்போது வருவார் என்று யாராலும் கணிக்க முடியாதபடி ரோந்து சுற்றினால் குற்றவாளிகள் அஞ்சி ஒதுங்குவார்கள் என்பது வில்சனின் கோட்பாடு. 1968இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் 911 என்ற அவசர அழைப்பு எண் தொடங்கி, பின்பு நாடெங்கும் பரவியதும் இந்த முறை முழுமை பெற்றது. மக்கள் அழைத்தால் கார் வரும், காவலர் குறிப்பெடுப்பார், தேவையானால் கைது செய்வார், அடுத்த அழைப்புக்குப் புறப்படுவார். எத்தனை நிமிடத்தில் கார் வந்து சேர்ந்தது, எத்தனை பேர் கைதானார்கள் என்ற இரண்டு கணக்குகளுமே ஒரு காவல்துறையின் திறமைக்கு அளவுகோல் ஆயின.

ஒரே வீட்டிலிருந்து ஒரே வகையான அழைப்பு பத்தாவது முறையாக வந்தாலும், அது பத்தாவது தனி நிகழ்வாகவே பதிவேட்டில் ஏறியது. பத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. 1960களில் பதிவான குற்றங்கள் பெருகி, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் காவலர்களுடனான மோதல்கள் கலவரங்களாக வெடித்தபோது, பல மாநகராட்சிகள் கூடுதல் ஆட்களையும் கூடுதல் கார்களையுமே கேட்டன.

அந்தக் கோரிக்கையின் அடித்தளத்தை அசைத்த சோதனை மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் நடந்தது. 1972 அக்டோபர் முதல் 1973 செப்டம்பர் வரை, நகரின் தெற்கு ரோந்து மாவட்டத்தைச் சேர்ந்த 15 பீட்டுகள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஐந்தில் வழக்கமான ரோந்து தொடர்ந்தது. ஐந்தில் ரோந்து இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. எஞ்சிய ஐந்தில் ரோந்து அடியோடு நிறுத்தப்பட்டு, அழைப்பு வந்தால் மட்டுமே கார்கள் உள்ளே சென்றன. ஜார்ஜ் கெல்லிங் தலைமையிலான குழு 1974இல் வெளியிட்ட அறிக்கை, மூன்று தொகுதிகளுக்குமிடையே குற்ற எண்ணிக்கையிலோ மக்களின் அச்சத்திலோ பொருட்படுத்தத் தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று தெரிவித்தது. தங்கள் பகுதியில் ரோந்து கூடியதையோ நின்றுபோனதையோ மக்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. அடுத்து வந்த ஆய்வுகள் எஞ்சியிருந்த நம்பிக்கைகளையும் குலைத்தன: பெரும்பாலான குற்றங்கள் நடந்து முடிந்து வெகுநேரம் கழித்தே வெளிப்படுவதால் கார் விரைந்து வருவதால் பயன் குறைவு என்றும், துப்பறிவாளர்கள் தீர்த்ததாகக் கருதப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி யார் என்பதைப் பாதிக்கப்பட்டவரே முதலில் வந்த காவலரிடம் சொல்லியிருந்தார் என்றும் அவை காட்டின.

இந்த முடிவுகளிலிருந்து காவல்துறையால் எதுவும் ஆகாது என்ற விரக்திக்குப் பலர் வந்தனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் வேறு முடிவுக்கு வந்தார். அவர் காவல்துறையை நூலகத்திலிருந்து மட்டும் பார்த்தவர் அல்லர். 1950களின் நடுவில் அமெரிக்க வழக்கறிஞர் அறக்கட்டளையின் கள ஆய்வுக்காக விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் ரோந்துக் காவலர்களோடு நீண்ட காலம் சுற்றியிருந்தார். பிறகு, சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த அதே வில்சனுக்கு 1960 முதல் 1964 வரை நிர்வாக உதவியாளராகப் பணியாற்றி, தொழில்முறைச் சீர்திருத்தத்தின் வலிமையையும் வறட்சியையும் அருகிலிருந்து பார்த்தார். காவலரின் நேரத்தில் பெரும்பங்கு குற்றத்தோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளில் செலவாவதையும், ஒவ்வொரு முறையும் சட்டத்தை அப்படியே பாய்ச்சாமல் இடம் பொருள் பார்த்து அவர்கள் முடிவெடுப்பதையும் கள ஆய்வில் கண்டது அவருடைய சிந்தனைக்கு வித்திட்டது.

1979இல் ‘கிரைம் அண்ட் டெலின்குவன்சி’ இதழில் கோல்ட்ஸ்டைன் எழுதிய கட்டுரை, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓடிய ஒரு பேருந்துத் தடத்தைப் பற்றிய செய்தியோடு தொடங்குகிறது. நிறுத்தங்களில் வரிசையில் நின்றவர்களை ஏற்றாமலே ஓட்டுநர்கள் கையசைத்துவிட்டுப் போகிறார்கள் என்று புகார் எழுந்தபோது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளேற்றினால் கால அட்டவணையைக் கடைப்பிடிக்க முடியாது என்று விளக்கம் தரப்பட்டதாம். காவல்துறையும் அதே நோய்க்கு ஆளாகியிருக்கிறது என்றார் அவர். ஆள்சேர்ப்பு, பயிற்சி, வாகனம், நிர்வாக அமைப்பு ஆகியவற்றைச் செம்மைப்படுத்துவதிலேயே மூழ்கிப்போய், எந்தப் பயனுக்காக அவை ஏற்பட்டனவோ அதை மறந்துவிட்டது. அவர் முன்வைத்த மாற்று எளிமையானது. காவல் பணியின் அலகாகத் தனி நிகழ்வை வைக்கக் கூடாது, சிக்கலை வைக்க வேண்டும். சிக்கல் என்று அவர் குறித்தது, மக்களைத் துன்புறுத்துவதும், மீண்டும் மீண்டும் நிகழ்வதும், ஒன்றோடொன்று ஒத்திருப்பதுமான நிகழ்வுகளின் தொகுதியை. ‘வழிப்பறி’ போன்ற சட்டப் பிரிவின் பெயர் சிக்கலாகாது. முதியவர்கள் ஓய்வூதியம் வாங்கித் திரும்பும் நாளில் ஒரு குறிப்பிட்ட தெருவில் பணம் பறிக்கப்படுவது சிக்கல். முன்னதற்குச் சட்டப்புத்தகத்தில் ஒரே விடைதான் உண்டு, பின்னதற்குப் பல விடைகள் உண்டு என்ற இந்த வேறுபாட்டிலிருந்தே சிக்கல் சார்ந்த காவல்முறை எனப்படும் அணுகுமுறை முழுவதும் கிளைத்தது.

கோல்ட்ஸ்டைன் வாழ்ந்த மேடிசன் நகரிலேயே அதற்கு நல்ல சான்று கிடைத்தது. நகரின் மையக் கடைவீதியில் விந்தையாக நடந்துகொள்ளும் ஆட்கள் பெருகிவிட்டதாகவும், அதனால் மக்கள் அங்கே போகவே தயங்குவதாகவும் கடைக்காரர்கள் முறையிட்டனர். அத்தகையோர் ஆயிரம் பேர் இருப்பதாகக்கூடப் பத்திரிகைச் செய்திகள் பேசின. காவலர்கள் ஆள் ஆளாக விசாரித்துப் பார்த்தபோது, தொந்தரவுக்குக் காரணமானவர்கள் மொத்தம் 13 பேர் என்று தெரிந்தது. அவர்கள் மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே விடப்பட்டு, மருந்தும் கண்காணிப்பும் இல்லாமல் விடப்பட்டவர்கள். மனநலப் பணியாளர்களோடு சேர்ந்து அந்தப் பதின்மூவருக்கும் சிகிச்சை தொடர ஏற்பாடு செய்தது அந்தக் கடைவீதியின் குறையைத் தீர்த்தது. ஆயிரம் பேரை விரட்ட ஒரு படை கேட்டிருக்கக்கூடிய இடத்தில், எண்ணிப் பார்க்கும் பொறுமையே போதுமானதாயிற்று.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில், அட்லாண்டிக்கின் மறுகரையில், பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வுப் பிரிவிலும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ரொனால்டு கிளார்க்கும் பாட் மேஹியூவும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும், குற்றவாளியின் குணத்தைத் திருத்துவது பற்றியே பேசிவந்த குற்றவியலை, குற்றம் நடக்கும் சூழலின் பக்கம் திருப்பினர். வாய்ப்பு குறைந்தால் குற்றமும் குறையும் என்ற இக்கருத்து சூழல்வழிக் குற்றத்தடுப்பு என்று பெயர் பெற்றது. அவர்கள் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் மேற்கு ஜெர்மனியின் தலைக்கவசச் சட்டம் மறக்க முடியாதது. தலைக்கவசம் அணியாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு 1980இல் அங்கே உடனடி அபராதம் விதிக்கப்படலாயிற்று. அந்த ஆண்டு சுமார் 1,53,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் சுமார் 54,000 ஆகக் குறைந்தது. வண்டியைக் கண்டதும் ஆசைப்பட்டு எடுத்துச் செல்பவன் கையில் தலைக்கவசம் இருப்பதில்லை. வெறுந்தலையோடு ஓட்டினால் அடுத்த தெருவிலேயே பிடிபடுவான். திருட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத போக்குவரத்து விதி, திருடர்களுக்கெதிரான சட்டங்களால் ஆகாததைச் செய்து முடித்தது. மோட்டார் சைக்கிளை விட்டவர்கள் அனைவரும் காருக்கோ சைக்கிளுக்கோ மாறிவிடவும் இல்லை.

கோல்ட்ஸ்டைனின் கருத்தை ஒரு காவல்துறை முழுவதும் நடைமுறைப்படுத்திப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு, 1980களின் நடுவில் வர்ஜீனியா மாநிலத்தின் கப்பல் கட்டும் நகரமான நியூபோர்ட் நியூஸ் விடையளித்தது. அந்நகரக் காவல்துறைத் தலைவர் டேரல் ஸ்டீபன்ஸ் எல்லாப் பதவி நிலைகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக் குழு அமைத்தார். ஆய்வாளர்கள் ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் இருவரும் அதனோடு இணைந்து பணியாற்றி, 1987இல் அறிக்கை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் காவலர் பயிற்சியில் கற்பிக்கப்படும் நான்கு படிகள் இங்கேதான் வடிவம் பெற்றன: சிக்கலை அடையாளம் காணுதல், அதன் காரணங்களை ஆராய்தல், அதற்கேற்ற நடவடிக்கை எடுத்தல், விளைவை மதிப்பிடுதல். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதைச் ‘சாரா’ முறை என்பர்.

அந்நகரின் நியூ பிரையர்ஃபீல்டு என்பது 1942இல் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காகத் தற்காலிகமாகக் கட்டப்பட்ட 450 வீடுகள் கொண்ட குடியிருப்பு. போர் முடிந்ததும் இடிக்கப்பட வேண்டிய அந்த வீடுகளில் நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. நகரிலேயே அதிகமாகக் கன்னக்களவு, அதாவது வீடு புகுந்து திருடும் குற்றம், நடந்த இடம் அதுதான். அதற்கு முன் கூடுதல் ரோந்தும் மறைந்திருந்து பிடித்தலும் செய்து பார்த்தபோது திருட்டு சில நாள் குறைந்து, காவலர்கள் விலகியதும் மீண்டது. இம்முறை காவலர்கள் வீடு வீடாகச் சென்று குடியிருப்போரைக் கேட்டனர். மக்கள் திருடர்களைப் பற்றிச் சொன்ன அளவுக்கு வீட்டைப் பற்றியும் சொன்னார்கள்: கூரை ஒழுகியது, சன்னல் சட்டங்கள் உளுத்துப்போய்க் கையால் பிடுங்கும் நிலையில் இருந்தன, கதவுகள் பூட்டைத் தாங்கவில்லை, அழுகிய வீடுகள் காலியாகிப்போக, காலி வீடுகளில் திருடர்கள் பதுங்கினார்கள். தீயணைப்பு, பொதுப்பணி, வீட்டுவசதி ஆகிய துறைகளோடு காவல்துறை பேசத் தொடங்கியபோது, உரிமையாளர் அரசுக்கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியிருந்ததும் தெரியவந்தது. குப்பையும் கைவிடப்பட்ட கார்களும் அகற்றப்பட்டன. சாலைக் குழிகள் மூடப்பட்டன. குடியிருப்போரை வேறிடத்தில் குடியமர்த்தி அந்த வீடுகளை இடித்துவிடுவது என்ற நீண்டகாலத் திட்டம் வகுக்கப்பட்டது. கன்னக்களவு 35 விழுக்காடு குறைந்தது. கப்பல் தளத்தின் வாகன நிறுத்துமிடங்களில் நடந்த திருட்டு பாதிக்கும் மேல் குறைந்ததும் அதே முயற்சியின் விளைவே.

திருட்டுக் குறைப்பு என்ற கணக்கில் இது வெற்றி. ஆனால் இடிக்கப்படும் வீடு ஒரு குடும்பத்தின் அண்டை அயலையும் சேர்த்தே கலைத்துவிடும். பதிவான குற்றங்களை எண்ணும் அளவுகோலில் அந்த இழப்பு எளிதில் விடுபட்டுப்போகும். சிக்கலை வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இந்த அணுகுமுறையோடு கூடவே பிறந்தது, இன்றுவரை அதைவிட்டு நீங்கவில்லை.

அக்கேள்விக்கு மிக நேர்மையாக முகங்கொடுத்த முயற்சி வடமேற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நடந்தது. கிர்க்ஹோல்ட் என்பது அங்குள்ள உள்ளாட்சி வாடகைக் குடியிருப்பு. சுமார் 2,280 வீடுகள். 1985இல் பதிவான கன்னக்களவுகளை வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நாலு வீட்டுக்கு ஒரு களவு என்ற விகிதம் வந்தது. உள்துறையின் ஆதரவோடு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கென் பீசும் அவருடைய குழுவினரும், காவல்துறையும், நன்னடத்தை அலுவலர்களும், அதாவது நீதிமன்றத் தண்டனை பெற்றவர்களை வெளியில் கண்காணித்து வழிநடத்தும் பணியாளர்களும், ஒன்றாக அமர்ந்து எந்த நடவடிக்கையும் எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பதற்கே பல மாதங்களைச் செலவிட்டனர். களவு கொடுத்தவர்கள், அவர்களுடைய அண்டை வீட்டார், களவு செய்து தண்டனை பெற்றவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் பேட்டி காணப்பட்டனர். திருடர்களையே கேட்டது அன்று புதுமை. எந்தச் சன்னலைத் தேர்ந்தீர்கள், வீட்டில் ஆள் இல்லை என்று எப்படித் தெரிந்தது, எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அவர்கள் தந்த விடைகளில், பெரும்பாலானோர் அக்குடியிருப்புக்கு அருகிலேயே வாழ்பவர்கள் என்பது தெளிவாயிற்று.

இரண்டு கண்டுபிடிப்புகள் திட்டத்தின் போக்கையே முடிவு செய்தன. முதலாவது, மீட்டர் பெட்டி. அந்த வீடுகளில் மின்சாரமும் எரிவாயுவும் நாணயம் போட்டுப் பெறும் மீட்டர்கள் மூலம் வழங்கப்பட்டன. காசு எடுக்க ஆள் வரும்வரை நாணயங்கள் பெட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ஏழை வீட்டிலும், யார் கண்ணிலும் படும் இடத்தில், ஒரு சிறு உண்டியலை மின்வாரியமும் எரிவாயு வாரியமுமே வைத்துவிட்டுப் போயிருந்ததற்கு ஒப்பாகும் இது. களவுகளில் ஏறக்குறைய பாதியில் மீட்டர் உடைக்கப்பட்டுக் காசு போயிருந்தது. அந்தக் காசையும் வாடகைதாரரே மீண்டும் கட்ட நேர்ந்தது குடும்பங்களைக் கடனில் தள்ளியது. இரண்டாவது கண்டுபிடிப்பு, ஒருமுறை களவு போன வீட்டில் மறுபடி களவு போகும் வாய்ப்பு, ஒருமுறையும் போகாத வீட்டில் போகும் வாய்ப்பைப்போல் நான்கு மடங்காக இருந்தது என்பது. உடைந்த கதவு சரியாகச் செப்பனிடப்படவில்லை. வீட்டின் உள்ளமைப்பு திருடனுக்கு இப்போது தெரியும். இழந்த பொருளுக்குப் பதிலாகப் புதியது வாங்கி வைக்கப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். 2,280 வீடுகளையும் ஒரே சமயத்தில் காக்கப் பணமில்லாத நிலையில், யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஒரு எண் விடை சொல்லியது.

ஆகவே களவு கொடுத்த வீடே திட்டத்தின் மையமாயிற்று. நாணய மீட்டர்கள் அகற்றப்பட்டு வேறு வழியில் கட்டணம் செலுத்த ஏற்பாடாயிற்று. திருடர்கள் சொன்ன நுழைவழிகள் எவையோ அந்தக் கதவுகளும் சன்னல்களும் வலுப்படுத்தப்பட்டன. வீட்டுப் பொருள்களில் அஞ்சல் குறியீட்டெண் பொறிக்கப்பட்டது. களவு போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரை அழைத்து, சந்தேகத்துக்கிடமான எதையும் பார்த்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டனர்; அவர்களுடைய வீடுகளுக்கும் பாதுகாப்பு உதவி தரப்பட்டது. பட்டுப்புழுவைச் சுற்றிய கூட்டின் பெயரால் அழைக்கப்பட்ட இந்தச் சிறு வளையம், பெரிய அளவில் தொடங்கி ஓய்ந்துபோகும் தெருக்காவல் சங்கங்களைவிட நன்றாக வேலை செய்தது, ஏனெனில் அண்டை வீட்டில் நேற்று நடந்த களவின் அதிர்ச்சி அவர்களைத் தாமாகவே சேர்த்தது. திட்டத்துக்கு முந்தைய ஆண்டில் 526 ஆக இருந்த களவுகள் அடுத்த ஆண்டில் 223 ஆயின. மூன்றாண்டுகளில் மொத்தக் குறைவு 75 விழுக்காட்டைத் தொட்டது. களவு பக்கத்துப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்ததற்கான அடையாளமும் தெரியவில்லை.

கிர்க்ஹோல்ட் அதோடு நிற்கவில்லை என்பதைப் பிற்காலக் கையேடுகள் பல குறிப்பிடத் தவறிவிட்டன. இரண்டாம் கட்டத்தில் அங்கே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கமும், பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும், தண்டனை பெற்றவர்களின் கடன், வேலையின்மை, போதைப் பழக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் குழுப்பணியும் தொடங்கப்பட்டன. திருடனைக் கேள்வி கேட்டவர்கள் அவனுடைய விடையைப் பூட்டு வாங்க மட்டும் பயன்படுத்திக்கொண்டு நிறுத்திவிடவில்லை. இந்த இயக்கத்தின் வரலாற்றில் கிர்க்ஹோல்ட்டுக்கு முதலிடம் தரப்பட வேண்டுமென்றால், எண்ணிக்கைக் குறைவைவிட இந்தப் பரிவே அதற்குக் காரணமாக இருக்கும்.

1990இல் கோல்ட்ஸ்டைனின் நூல் வெளிவந்ததும் இக்கருத்து நாகரிகமான பேச்சாயிற்று. 1993இல் அமெரிக்காவில் அவர் பெயரிலும், 1999இல் பிரிட்டனில் குற்றவியலாளர் நிக் டில்லி பெயரிலும் விருதுகள் ஏற்பட்டன. சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை. விருதுக்கு வந்த பல திட்டங்களில் ஆராய்ச்சி என்ற இரண்டாம் படி பெயரளவிலேயே இருந்தது. சிக்கல் இன்னதென்று முதல் நாளே முடிவு செய்துவிட்டு, ஏற்கெனவே பழகிய ரோந்தையும் கைதையுமே நடவடிக்கையாக எழுதிக் கொடுத்தனர். மதிப்பீடு என்ற நான்காம் படியோ பல நேரங்களில் செய்யப்படவே இல்லை.

இதனினும் பெருந்தீங்கு, வேறொரு கருத்தோடு இதைக் குழப்பிக்கொண்டதால் விளைந்தது. 1982இல் ஜேம்ஸ் வில்சனும், கேன்சஸ் சிட்டி சோதனையை நடத்திய அதே கெல்லிங்கும் எழுதிய ‘உடைந்த சன்னல்கள்’ கட்டுரை, சிறு ஒழுங்கீனங்களைக் கவனிக்காமல் விட்டால் பெருங்குற்றம் வளரும் என்றது. நியூயார்க் நகரில் இது காலப்போக்கில் தெருவில் போவோரை நிறுத்திச் சோதனையிடும் பெருநடவடிக்கையோடு சேர்ந்துகொண்டது. 2011இல் மட்டும் 6,85,000க்கும் மேற்பட்ட முறை மக்கள் நிறுத்தப்பட்டனர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க மரபினரும் ஆவர். அந்த நடைமுறை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2013இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சிக்கல் தீர்க்கும் காவல்முறைக்கு நேர் எதிரானது. கோல்ட்ஸ்டைன் நிகழ்வுகளின் தொகுதியைச் சிக்கல் என்றார். இங்கே மனிதர்களின் தொகுதி சிக்கலாக்கப்பட்டது. ஆயிரம் பேர் என்று வதந்தி கிளம்பிய இடத்தில் பதின்மூன்று பேரைக் கண்ட மேடிசனின் முறைக்கும், குற்றமேதும் செய்யாத இலட்சக்கணக்கானோரைச் சுவரோரம் நிறுத்திய முறைக்கும் இடையே எந்த உறவும் கற்பிக்க முடியாது.

மேடிசனின் அந்த நெருங்கிய பார்வை கொலைக் குற்றத்துக்கும் பொருந்துமா என்று காட்டியது பாஸ்டன். 1980களின் இறுதியில் மலிவான கிராக் கொக்கெயின் வரவோடு அங்கே இளைஞர் கொலைகள் பெருகின. 24 வயதுக்கு உட்பட்டோர் கொலை 1987இல் 22 ஆக இருந்து 1990இல் 73 ஆயிற்று. 1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடி, ஆண்டனி பிராகா, ஆன் பீல் ஆகியோர், காவல்துறையின் இளைஞர் வன்முறைத் தடுப்புப் பிரிவோடும், நன்னடத்தை அலுவலர்களோடும், மாநகராட்சியின் தெருப் பணியாளர்களோடும் அமர்ந்து, ஒவ்வொரு கொலையாக எடுத்துக்கொண்டு யார், யாருடைய ஆள், முன்பகை என்ன என்று கேட்டுக் குறித்தனர். கோப்பில் இல்லாத இந்த அறிவு ரோந்துக் காவலர்களின் நினைவில் இருந்தது. அதுவரை யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்டதில்லை. நகரில் சுமார் 61 குழுக்கள், அவற்றில் ஏறத்தாழ 1,300 இளைஞர்கள், இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டில் அவர்களுக்குத் தொடர்பு என்று வரைபடம் தெளிந்தது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே சிறு வட்டத்தினர். பலர் துப்பாக்கி ஏந்தியதற்குக் காரணம் அச்சமே.

1996 மே மாதம் முதல் அக்குழுக்களின் உறுப்பினர்கள் நேரில் அழைக்கப்பட்டு, இரண்டு செய்திகள் சொல்லப்பட்டன. குழுவில் ஒருவர் கொலை செய்தால், நிலுவையிலுள்ள சிறு மீறல்கள் உட்பட எல்லாவற்றுக்காகவும் குழு முழுவதன் மீதும் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளின் கவனமும் திரும்பும் என்பது ஒன்று. வெளியேற விரும்புபவருக்கு வேலை, படிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றில் உதவ ஆட்கள் அதே அறையில் காத்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. 1992இல் கறுப்பினப் போதகர்கள் அமைத்திருந்த பத்து அம்சக் கூட்டணியின் குரல் இதற்கு நம்பகத்தன்மை தந்தது. காவல்துறை மட்டும் பேசியிருந்தால் அந்த இளைஞர்கள் செவிமடுத்திருப்பார்களா என்பது ஐயம். சீஸ்ஃபயர், அதாவது போர்நிறுத்தம், எனப் பெயரிடப்பட்ட இந்நடவடிக்கைக்குப் பின் மாதந்தோறும் நிகழ்ந்த இளைஞர் கொலைகள் சராசரியாக 63 விழுக்காடு குறைந்ததாக 2001இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அதே ஆண்டுகளில் மற்ற அமெரிக்க நகரங்களிலும் கொலைகள் குறைந்துவந்ததால் இந்தக் குறைவில் எவ்வளவு பங்கு சீஸ்ஃபயருக்கு உரியது என்று வாதிட்டவர்கள் உண்டு. எனினும் 2000ஆம் ஆண்டில் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டதும், பின்வந்த ஆண்டுகளில் குழுச் சண்டைக் கொலைகள் மீண்டும் ஏறியதும், 2007இல் அது திரும்பத் தொடங்கப்பட்டதும் அந்த வாதத்தில் வைத்து எண்ணப்பட வேண்டியவை.

வெற்றி கண்ட ஒரு முறையை அதே நகரமே ஏன் கைவிட்டது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. முன்னின்று நடத்திய அதிகாரிகள் இடமாற்றமும் பதவி உயர்வும் பெற்றுச் சென்றனர். வெவ்வேறு துறையினரை ஒரே மேசையில் உட்கார வைத்தது ஆணையன்று, பல ஆண்டுப் பழக்கம். நடந்த குற்றத்துக்குக் கைது செய்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். நடக்காமல் போன குற்றத்துக்கு எவர் பெயரும் ஏறாது. மீட்டர் பெட்டியை அகற்ற எரிவாயு வாரியத்துக்குப் பலமுறை நடந்த காவலருக்கும், திருடனைத் துரத்திப் பிடித்த காவலருக்கும் பதவி உயர்வுக் குழுவின் முன் ஒரே மதிப்பு எந்த நாட்டிலும் எளிதில் கிடைத்ததில்லை. கோல்ட்ஸ்டைன் தம் பிற்காலக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதும் இதைத்தான்: காவல்துறைக்குள்ளேயே ஆழ்ந்து ஆராயும் திறன் வளரவில்லை, வளர்ப்பதற்கு நிர்வாகமும் பணம் ஒதுக்கவில்லை. 2018இல் குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு பெற்ற அவர், 2020 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, சிக்கல் சார்ந்த காவல்முறையைப் பற்றிய 34 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்து, அது பின்பற்றப்பட்ட இடங்களில் குற்றமும் ஒழுங்கீனமும், பின்பற்றப்படாத ஒப்பீட்டு இடங்களைவிடச் சராசரியாக 34 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கணக்கிட்டது.